தகட்டுக்கு அந்தப் பக்கம்

இரண்டு தட்டு தட்டியாகிவிட்டது. நான் தயார் என்று அர்த்தம். இனி அவன் பாடு. தகட்டுக்கு அந்தப் பக்கம் காற்றழுத்தத்தில் அடிக்கிற ஏர் கன்னைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவான், காதில் பஞ்சும் பஞ்சுக்கு மேல் மூடியுமாக நிற்கிற எனக்கு அது கேட்காது, ஆனாலும் விடுவான் என்று தெரியும், சின்ன வயதில் ஊசிக்குக் கையை நீட்டும் முன்னால் விட்ட அதே மூச்சு. வந்துவிட்டது. தடதடவென்று பழைய ரயில் வேகன் முழுக்க அதிர்கிறது, பல் அதிர்கிறது, கண்ணுக்குள் இருக்கிற நீர்கூட அதிர்கிறது, நான் டாலியின் மேல் முழு உடம்பையும் சாய்த்து நிற்கிறேன். டாலி என்றால் பொம்மை இல்லை, கனமான இரும்புக் கட்டை, நுனியில் ரிவிட் ஆணியின் தலை பொருந்தி உட்கார ஒரு குழி. பழுக்கக் காய்ந்த ரிவிட்டை வேகனுக்கு உள்ளேயிருந்து நான் துளைக்குள் செருக வேண்டும், டாலியை வைத்து அழுத்தி அது பின்வாங்காமல் பிடிக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அவன் அடித்து அடித்து இன்னொரு தலையாக்க வேண்டும். பிடிக்கிறவள் அசைந்தால் போயிற்று, ரிவிட் ஆடும். பழனாத்தா, அசையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விளையாட்டுப் போட்டிக்கு இரும்புக் குண்டெறியக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து இந்த இடுப்பும் தொடையும் நான் சொன்னபடி கேட்பவை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஒரு விசிலுக்கு மைதானத்தையே நிறுத்தியவள், எனக்கா ஆடும்? ஒரு தட்டு. முடிந்தது என்கிறான். டாலியை எடுக்கிறேன். ரிவிட்டின் தலை ஆரஞ்சிலிருந்து சிவந்து, சிவப்பிலிருந்து கறுத்துப்போகிறது. வலது தோள் எரிகிறது, யாரிடமும் சொல்லப்போவதில்லை.

எனக்கா ஆடும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உள்ளே வந்து ஷெட்டில் செருப்பைக் கழற்றிப் பூட்ஸ் மாட்டிக்கொள்வதற்குள் யூசுப் பாய் எதிரே வந்து நின்றுவிட்டார். பாய்க்குக் காரமடையில் பேக்கரி, ஞாயிற்றுக்கிழமையானால் கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்கள் உலையைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவார், நெருப்பைப் பார்த்தால் அவருக்கு ஒரு சந்தோஷம். “டீச்சரக்கா, அண்ணன் சொல்றாருங்க, போன வாரம் அடிச்சதுல கீழ்வரிசை பாதி ஆடுதாமாங்க.” “எது ஆடுதாம்?” “ரிவிட்டுங்க.” “புடிச்ச கை ஆடுனாத்தான பாய் ரிவிட்டு ஆடும்? என் கை ஆடுதுன்னு நேராவே சொல்லச் சொல்லுங்க.” “நேராச் சொல்றதா இருந்தா நடுவுல நான் எதுக்குங்க?” என்று பாய் பாவமாகக் கேட்டார். சொன்னவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான், சென்னியப்பன், என்கூடப் பிறந்த தம்பி, ஷெட்டின் கூரையில் புறா எதுவும் கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு. “பாய், அவங்களைக் குத்தஞ் சொல்லலீங்கன்னு சொல்லுங்க. ரிவிட்டு ஆடுது. அவ்வளவுதான்.” “சொல்றாருங்க...” “கேட்டுதுங்க பாய், எனக்கென்ன காது செவிடா?” இந்த வேகனைத் தொட்ட நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. பக்கத்தில் வார்னிஷ் அடிக்கிற வக்கீல் தம்பதி எங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி அக்காள் தங்கை எல்லாரும் பேசிக்கொள்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்.

அடுத்த ரிவிட் வந்துவிட்டது, பாய் வேகன் கதவு வழியாக நீட்டுகிறார், இடுக்கியின் நுனியில் ஒளிர்ந்துகொண்டு வருகிறது, வாங்கித் துளையில் செருகி, டாலி, சாய்வு, இரண்டு தட்டு. பெருமூச்சு. தடதட. மலையடிவார ஸ்டேஷனுக்குப் பின்னால் இந்த ஷெட் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, மலை ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் எஞ்சினோடு படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஷெட்டுக்குள் நாங்கள், பழைய வேகன்களைச் சீர்செய்கிற சம்பளமில்லாத சங்கம். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிவந்த மூடு வேகன் இது, புதர் மண்டிக் கிடந்ததை இழுத்து வந்தோம், பக்கத் தகட்டின் கீழ்ப்பாதி அப்பளமாக நொறுங்கியது, புதுத் தகடு வைத்தாகிவிட்டது. வெல்டிங் வைத்தால் சட்டென்று முடிந்துவிடும் வேலை. வைக்கக் கூடாது, எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் பிடிவாதம். ரிவிட் அடிக்க ஆள் தேடினார்கள், பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த ஒருத்தர் இருக்கிறார், இப்போது சும்மாதான் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான், பார்த்தால் சென்னி. முடியெல்லாம் நரைத்துப்போய். நான் ஒட்டடைக் கம்போடு நின்றேன். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளே நின்று பிடிக்க இரண்டு ஆம்பளைகள் வந்து பார்த்தார்கள், ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இன்னொருத்தர் அதிர்ச்சியில் டாலியைக் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தார், நான் பிடிக்கிறேன் என்று சொன்னது நான்தான். அவன் குனிந்து ஏர் கன்னை எடுத்தான். மறுக்கவில்லை. அன்றைக்கு முதல் ரிவிட்டுக்கு நான் இரண்டு தட்டு தட்டினேன், அவன் அடித்தான், முடித்து ஒரு தட்டு தட்டினான், ஐந்து வருஷத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுதான், வீட்டுக்குப் போய் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஐந்து வருஷம். வேண்டாம், அங்கே போகாதே, டாலியைப் பார். போகாதே என்றால் மனசு நேராக அங்கேதான் போய் நிற்கும். நிவேதா கல்யாணம், அவன் மகள், நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை. பெண்ணை மேடைக்குக் கூட்டிவரும்போது அத்தை முன்னால் விளக்குப் பிடித்து வர வேண்டும், எங்கள் வீட்டு வழக்கம், என் அத்தை எங்கள் சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறாள். நான் மயில்கழுத்து நிறப் பட்டுக் கட்டிக்கொண்டு, விளக்கைத் துலக்கித் திரி போட்டு எடுத்துக்கொண்டு நின்றேன். சம்பந்தி பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, பெயர்கூடத் தெரியாது, கல்யாணம் ஆகாதவங்க புடிக்கலாமுங்களா என்று கேட்டாள், கேட்டது சத்தமாகக்கூட இல்லை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். என் தம்பி தரையைப் பார்த்தான். யாரோ வந்து விளக்கை என் கையிலிருந்து வாங்கிப் பெரியப்பா மகள் கையில் கொடுத்தார்கள், அவள் பாவம் என்னைப் பார்க்க முடியாமல் நடந்தாள். நான் பந்தியில் உட்காரவில்லை. பட்டுப்புடவையோடு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பழைய சோறு தின்றேன். வலித்தது. இப்போதும் வலிக்கிறது, அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. அவனுக்கு என்ன கோபமென்றால், பெண்ணைப் பெற்றவன் வீட்டுக் கல்யாணத்தில் கூடப்பிறந்தவளே கை நனைக்காமல் போய்விட்டாள், ஊரே கேட்டது என்று. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஒரு கவளம் சாப்பிட்டிருக்கலாம். இதைத்தான் ஐந்து வருஷமாக மாவாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தட்டு. முடிந்ததாம். டாலியை எடு.

பாய் எட்டிப் பார்த்து, நான் காது மூடியைத் தூக்கிக்கொண்டதும், “இன்னும் கொஞ்சந்தான் டீச்சரக்கா, இந்த வரிசை முடிஞ்சா வேகன் முடிஞ்சுது,” என்கிறார், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. தலையை ஆட்டினேன். முடிந்தால் முடிந்ததுதான். அப்புறம் மரவேலைக்காரர்கள் வருவார்கள், பெயிண்ட் வரும், அதற்கு அடிக்கிறவனும் வேண்டாம், பிடிக்கிறவளும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எதற்கு இங்கே வரப்போகிறான்? அதுவும் அடுத்த மாதம் பூனாவுக்குப் போகிறானாம், நிவேதாவுக்குப் பிரசவம், புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசனையாம். அதுவும் பாய் சொல்லித்தான் தெரியும். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறான் என்பதும் பாய் சொல்லித்தான் தெரியும், அதைக் கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை, விடியும்வரை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன பயமென்றால், சாவு இல்லை, சாவு எல்லாருக்கும்தான். ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத குரல் போனில் கூப்பிட்டு, நீங்க சென்னியப்பனுக்குச் சொந்தமுங்களா என்று கேட்கும், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். இல்லை, எனக்கு ஒன்றென்றால் அவனை இப்படிக் கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை வேண்டும். என்ன வார்த்தை என்றுகூட இல்லை, மழை வரும்போல இருக்குது என்று சொன்னால்கூடப் போதும். நான் ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவன் கூரையைப் பார்ப்பான், எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும், பாய், உங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க என்று ஆரம்பித்துவிடுவேன்.

இதில் ஆடுதாம் வேறு. ஒரு வார்த்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு அவன் கொடுத்த வார்த்தை அதுதான். முதல் மாதங்களில் ஒன்றுகூட ஆடியதில்லை, மேல்வரிசை முழுக்க ஒரே தடவையில் நின்றது, சங்கத்தலைவர் கூடக் கைகொடுத்தார். கடைசித் தகட்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கூத்து. ஆறின ரிவிட்டை அவன் சோதிப்பான், வெளித்தலையின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான், விரலுக்கு உதறல் தெரிந்தால் அது ஆடுகிறது, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுவான், தலையை உளியால் வெட்டி ரிவிட்டைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி புதுசு அடிக்க வேண்டும். அடித்தவன்தான் சோதிப்பான், பிடித்தவள் தொட்டுப் பார்ப்பதில்லை, அது இந்த வேலையின் முறை. அந்த நேரம் நான் உள்ளே காது மூடியைக் கழற்றிவிட்டு நிற்பேன். சாக்பீஸ் தகட்டில் கிறீச்சிடுவது மட்டும் கேட்கும், கிறீச், கிறீச், பெருக்கல். ஒவ்வொரு கிறீச்சுக்கும் என் முகத்தில் யாரோ போடுகிற மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகாதவள் கை விளக்குக்கு ஆகாது, வயசானவள் கை டாலிக்கும் ஆகாது, அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு மனசு சொல்கிறது, சீச்சீ என்கிறது இன்னொன்று, அவன் அப்படி நினைக்கிறவன் இல்லை, நினைக்கிறவன் இல்லையென்றால் அன்றைக்கு ஏன் தரையைப் பார்த்தான்.

மில் லைன் வீட்டில் நாங்கள் இருந்தபோது அம்மாவுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அம்மா இல்லாத ராத்திரிகளில் அவன் என் ஜடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், நான் புரண்டால் ஜடை இழுபடும், புரளாமல் தூங்கக் கற்றுக்கொண்டேன். அசையாமல் இருக்க அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்றுகூடச் சொல்லலாம், பட்டம் வாங்கின கோச் யாருமில்லை. ஒருநாள் தூக்கத்தில் ஜடையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, அக்கா போயிட்டியா, அக்கா போயிட்டியா என்று இருட்டில் தடவினான், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், இருந்தாலும் வேண்டுமென்றே பேசாமல் கிடந்தேன், விளையாட்டுக்கு. அழ ஆரம்பித்துவிட்டான். இங்கதாண்டா இருக்கறேன் லூசு என்று தலையில் ஒரு தட்டுப் போட்டேன். அப்படியே என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டான், எச்சில் ஒழுக. இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு மட்டும் எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏர் கன்னுக்குக் காற்றுக் கொடுக்கிற கம்ப்ரஷரை நிறுத்திவிட்டார்கள். திடீரென்று ஊரே நிசப்தமானது மாதிரி இருக்கிறது. காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஞ்சையும் எடுக்கிறேன், வியர்வை காதுக்குள் இறங்குகிறது. அவன் உளியை எடுத்துவிட்டான், போன வாரம் பெருக்கல் போட்டதை வெட்டப்போகிறான். சம்மட்டி விழுகிறது. விழுகிறது. மூச்சு வாங்குகிறான், இப்போது எனக்கே கேட்கிறது. தலை தெறித்துவிட்டது, வெளியே கல்லில் விழுந்து உருளும் சத்தம். இனி நடுத்தண்டைத் தட்டி உள்பக்கமாகத் தள்ள வேண்டும், ஆடுகிற ரிவிட்டென்றால் ஒன்றிரண்டு அடியில் என் காலடியில் வந்து விழுந்துவிடும். அடிக்கிறான். வரவில்லை. அடிக்கிறான். ஒரு நூல்கூட நகரவில்லை. இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட். அடிக்கிறான். துருப்பிடித்த வேகனின் பழைய ரிவிட்டுகளைக்கூட நாங்கள் இதைவிடச் சுலபமாக எடுத்தோம். இவ்வளவு அடம்பிடிக்கிறது என்றால் துளை முழுக்க நிறைந்து இறுகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், அப்படி உட்கார்ந்தது எப்படி ஆடும்? போன வாரம் வெட்டியதும் இப்படித்தான் அடம்பிடித்தது. அதற்கு முந்தின வாரமும். அப்போதெல்லாம் கோபத்தில் எனக்கு இது உறைக்கவில்லை, அடி விழ விழ நன்றாகப் படட்டும் உனக்கு என்று நின்றுகொண்டிருந்தேன். சடக். ஒருவழியாக வந்து என் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். தண்டு பளபளவென்று துளையின் அச்சாக இருந்தது.

பார்த்துவிடுவோம். முறையாவது ஒன்றாவது. பெருக்கல் போட்ட அடுத்த ரிவிட்டைச் சோதிக்காமல் வெட்ட மாட்டான், இன்னொரு தடவை தட்டித்தான் பார்ப்பான், பட்டறைப் பழக்கம். கையுறையைக் கழற்றி உள்தலையின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்தேன், பாதி தலையிலும் பாதி தகட்டிலும். இரும்பு குளிர்ந்துதான் இருந்தது. வெளியே தட்டினான். ஒன்றுமில்லை. உதறல் இல்லை, ஒரு கிசுகிசுப்புக்கூட இல்லை. விரல் மரத்துவிட்டதோ என்று தொடையில் தேய்த்துவிட்டு வைத்தேன். மறுபடி தட்டினான். கல் மாதிரி. அதற்கடுத்ததில் வைத்தேன், அதுவும் போன வாரம் கிறீச்சிட்டதுதான், நகர்ந்து வந்து தட்டினான், கல் மாதிரி. மேல்வரிசையில் அவனே நல்லது என்று விட்டுவிட்ட ஒன்றில் விரலை வைத்து நானே டாலியின் அடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பாய் கதவுப் பக்கம் நின்று நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் உலைப்பக்கம் திரும்பிவிட்டார்.

என் கை ஆடவில்லை. முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன், கிழட்டுக் கோழி மாதிரி அங்கேயே ஒரு கொக்கரிப்புக் கொக்கரித்திருப்பேன். அப்புறம் நின்றேன். அப்படியானால் அவன் ஏன்? சோதிக்கத் தெரியாதவனா? பட்டறையில் மயிரிழை கூடிப்போனது என்று கடைசல் பிடித்த சாமானைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன், நல்ல வேலையை நல்லது என்றும் சொத்தையைச் சொத்தை என்றும் சொல்வதைத் தவிர வேறு பெருமை இல்லாதவன், நல்ல ரிவிட்டின் மேல் பெருக்கல் போடுகிறான் என்றால், என்னை அவமானப்படுத்தவா? அவமானப்படுத்த வேண்டுமென்றால் பெருக்கல் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாமே, மாரைப் பிடித்துக்கொண்டு தானே வெட்டுவானேன். பாய் போன வாரம் ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை, ரிவிட் தீர்ந்துபோகும் போலிருக்குது என்று இவர் கவலைப்பட்டதற்கு, அவன் கோயமுத்தூரிலிருந்து ஒரு சாக்கு ரிவிட்டைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினானாம். மிச்சமிருந்ததோ ஒரு வரிசை. ஒரு வரிசைக்குச் சாக்கு நிறைய எதற்கு? இல்லை, இருக்காது. இருக்காது என்று சொல்லிக்கொண்டே தகட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். முடிந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறான். நான் பஸ்ஸில் வாய்க்குள் வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் இவன் பைக்கில் எதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தானோ, இங்கே வந்ததும் அவனுக்கும் வாய் வரவில்லை, சாக்பீஸைத்தான் எடுக்க முடிந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் இன்னொன்று. அடப்பாவி. நெஞ்சு வலிக்க வலிக்க அடித்தாயேடா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கையில் கரி, துடைத்தால் முகமெல்லாம் ஆகும் என்று துடைக்காமல் நின்றேன்.

இரண்டாவது ரிவிட்டும் வெகுநேரம் அடம்பிடித்துவிட்டு வந்து விழுந்தது. அது இருந்த துளை வழியே ஒரு கம்பி மாதிரி வெளிச்சம் உள்ளே நீண்டது, அதற்குள் தூசி சுற்றியது. குனிந்து பார்த்தேன், அவன் கட்டம்போட்ட சட்டையின் ஒரு கட்டம் தெரிந்தது, மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து பாய் உலையை விட்டுவிட்டு வேகனுக்குள்ளேயே ஏறி வந்துவிட்டார், முகமெல்லாம் வியர்வை, பொறுமை தீர்ந்துவிட்டது. “டீச்சரக்கா, நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க. எனக்கென்னமோ எல்லாம் கிண்ணுனு இருக்கற மாதிரிதான் தெரியுது. அண்ணன் ஆடுதுங்கறாரு. நீங்க உள்ள கைய வெச்சுப் பார்த்தீங்க, நான் பார்த்தனுங்க. ஆடுதா, இல்லையா? இல்லீன்னா இருக்கற துளைக்கு ரிவிட்டப் போட்டு இன்னைக்கே முடிச்சுரலாம். தலைவரும் கேட்டுக்கிட்டே இருக்கறாரு.” சத்தமாகத்தான் கேட்டார். வெளியே உளிச் சத்தம் நின்றுவிட்டது. துளைக்குள் தெரிந்த கட்டம் அசையவில்லை, மூச்சையும் நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. ஆடவில்லை என்று சொல்ல வேண்டும், என் கை சுத்தம் என்று இந்த ஷெட்டு முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றுதானே காலையிலிருந்து பொருமிக்கொண்டிருந்தேன். கேட்கிற ஆளும் இருக்கிறார், சாட்சிக்குக் காலடியில் ரிவிட்டும் கிடக்கிறது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் வேகன் முடிந்துவிடும்.

“ஆடுதுங்க பாய்,” என்றேன்.

“எதுங்க?”

“எல்லாமே. இந்த வரிசை பூராவும். என் கை முன்ன மாதிரி இல்லீங்க.”

பாய் என்னைப் பார்த்தார், என் கண்ணில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். துளைக்குள் கட்டம்போட்ட சட்டை விலகியது, வெளிச்சம் மறைந்தது, அந்த இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கண், வயசான கண், ஓரமெல்லாம் சிவந்துபோய். நான் இருட்டில் நிற்கிறேன், அவனுக்கு என்னைத் தெரிந்திருக்காது.

“அக்கா.” பாயிடம் சொல்லச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். “நெசமாலுமா?”

“நெசமாத்தாண்டா. மேல்வரிசையும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது. அதையும் ஒருக்காப் பாத்துரு.”

“மேல்வரிசையுமா? அது ரொம்ப நாளாகுமேக்கா. நான் அடுத்த மாசம் பூனாவுக்கு...”

“போய்ட்டு வா. புள்ள பொறந்து, தலை நின்னு, எல்லாம் பாத்துட்டு வா. வந்து அடி, நான் புடிக்கறேன். இப்ப நீயி அந்த உளியக் கீழ வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்காரு.”

கண் துளையிலிருந்து நகரவில்லை. இமைத்தது, மறுபடி இமைத்தது. பாய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, இனிமேல் தான் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றார். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப கரி இன்னொரு மூட்டை சொல்லீரட்டுங்களா?”

“சொல்லீருங்க பாய்,” என்றோம், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒன்றாக.